இருபத்திரண்டாம் நாள் கவாத்து

மாப்ள,

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். வலது கை விரல்களிலிருந்து அந்தப் பச்சை வாசனை போகவில்லை. திராட்சைக் கொடியை வெட்டிய கொஞ்ச நேரத்தில் வருமே, புல்லும் மழைத் தண்ணீரும் கலந்த மாதிரி ஒரு வாசனை, அதுதான். மதியம் ரசம் சோற்றில்கூட அது இருந்தது. "இந்த வயசுல வாத்தியாருக்குக் கவாத்து வேலை கெடச்சிருச்சு" என்று என் வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உனக்கும் சிரிப்பு வரும். கம்பத்திலிருந்து உன் தோட்டத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் காலை நடையாக வந்திருக்கிறேன். ஒரு நாளும் நீ என்னைக் கத்தரியைத் தொடவிட்டதில்லை. "சாக்பீஸ் பிடிச்ச கை மாமா இது. கணு பாத்து வெட்டாது" என்பாய். இன்று காலை வெட்டினேன். உன்னுடைய கத்தரியாலேயே வெட்டினேன். அதை என் கையில் யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். முப்பத்து மூன்று வருடம் உயிரியல் நடத்தியவன். விடையை முதலில் எழுதிப் போட்டுவிட்டுப் பாடத்தை ஆரம்பிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நான்கு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்னப் பையன் புதுப் பம்பரம் வாங்கிய மாதிரி இருக்கிறேன். காட்டுவதற்கு நீதான் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர்கள் கூட்டம். செலின் வந்திருந்தாள். உனக்கு அவளைத் தெரியும். இராயப்பன்பட்டியிலிருந்து வந்து படித்த பெண். ஒரு முறை வகுப்பையே உன் தோட்டத்துக்கு அழைத்து வந்தேன், எல்லாரும் பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்தப் புள்ள இலையத் திங்கப்போகுது மாமா" என்றாய். அந்தப் பிள்ளை இப்போது மூளையை ஆராய்கிறாள். அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினாள், ஒருவரும் எழுந்து போகவில்லை.

எடுத்த எடுப்பிலேயே என்னைத்தான் பிடித்தாள். "சார் முன் வரிசைல உக்காந்திருக்காக. அவுக எனக்குச் சொல்லிக் குடுத்த ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்" என்றாள். கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. "மூளையில நியூரான்தான் ராஜா, சுத்தி இருக்கிற கிளியா எல்லாம் வெறும் ஒட்டுப்பசைன்னு சொன்னீக சார். அதை எழுதி ரெண்டு மார்க்கும் வாங்குனேன்."

"அந்த ரெண்டு மார்க்கைக் கழிச்சிருவோம்மா" என்று எழுந்து சொன்னேன். நல்ல சிரிப்பு.

உண்மையில் அப்போதைய புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கிளியா என்ற சொல்லுக்கே பசை என்றுதான் பொருள். செங்கலுக்கு நடுவே சிமென்ட் மாதிரி, நரம்புச் செல்களுக்கு நடுவே நிரப்புவதற்கு ஏதோ கிடக்கிறது என்று முப்பத்து மூன்று வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கிளியாக்களில் ஒரு வகை, மைக்ரோகிளியா என்று பெயர், மூளையின் சொந்தக் காவல் செல். அதைப் பற்றித்தான் அன்று முழுக்கப் பேசினாள்.

கரும்பலகையில் வரைந்தாள். நடுவில் சின்ன உடம்பு, சுற்றிலும் கிளை கிளையாக மெல்லிய கைகள். அப்புறம் திரையில் ஒரு படம் போட்டாள். உயிரோடு இருக்கிற எலியின் மூளைக்குள் எடுத்தது. மாப்ள, அந்தக் கைகள் ஒரு நொடி சும்மா இல்லை. நீள்கின்றன, தடவிப் பார்க்கின்றன, சுருங்குகின்றன, வேறு பக்கம் நீள்கின்றன. நோய் ஒன்றும் இல்லாத மூளை அது. ஓய்வில் இருக்கிற செல் என்று ஒரு காலத்தில் இதற்குப் பெயர் வைத்திருந்தார்களாம். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது காலை ஏழு மணிக்குப் பந்தலுக்கடியில் நடக்கிற நீதான். பேச்சு என்னோடு இருக்கும், கை மட்டும் மேலே போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பி அடிப்பக்கம் சாம்பல் நோய் பூத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வரும். "ஒண்ணும் இல்லையேப்பா, எதுக்குத் திருப்புற?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லேன்னு பாக்க வேணாமா?" என்பாய்.

இரத்தத்தில் ஓடுகிற வெள்ளை அணுக்கள்தான் உடம்புக்குக் காவல் என்று பாடத்தில் நடத்துவோம். ஆனால் நல்ல நிலையில் இருக்கிற மூளைக்குள் அவை நினைத்தபடி நுழைய முடியாது, வாசலில் கட்டுப்பாடு அதிகம். இதற்கு நான் ஓர் உதாரணம் வைத்திருக்கிறேன், கேள். விடிவதற்குள் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குப் போய்விட்டுப் பொழுது சாய இறங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே தங்கி எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். வெள்ளை அணு ஜீப்பில் போகிற ஆள். மைக்ரோகிளியா எஸ்டேட்டிலேயே குடியிருக்கிற ஆள். அதுவும் எப்போது குடியேறினார் என்று நினைக்கிறாய்? குழந்தை வயிற்றில் கருவாக இருக்கும்போதே, மூளை சரியாக உருவாவதற்கு முன்பே, கருவை ஒட்டியிருக்கிற மஞ்சள்கருப் பையிலிருந்து கிளம்பி அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. வீடு கட்டி முடிக்கவில்லை, காவல்காரர் வந்துவிட்டார்.

செத்த செல்லை அப்புறப்படுத்துகிறது. குப்பையைத் தின்கிறது. கிருமி வந்தால் உடம்பைப் பெருக்கிக்கொண்டு எதிர்க்கிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, செலின் சொன்னாள்:

"எல்லாத்துக்கும் மேல இன்னொரு வேலை இருக்கு. நம்ம ஊர்க்காரவுகளுக்கு நான் வெளக்கவே வேண்டாம். மூளைக்குள்ளயும் கவாத்து இருக்கு."

குழந்தையின் மூளை தேவைக்கு மேல் இணைப்புகளைப் போட்டு வைத்துக்கொள்கிறதாம், கேட்பாரில்லாத கொடி மாதிரி. எது அதிகமாக உபயோகத்தில் இல்லையோ அதன் மேல் ஓர் அடையாளம் விழுகிறது, வெட்டுகிற கொடிக்கு மேஸ்திரி சுண்ணாம்பு தடவி வைப்பது மாதிரி. மைக்ரோகிளியா வந்து அதைத் தின்றுவிடுகிறது. மிச்சம் நிற்கிற இணைப்பு தடிக்கிறது. அப்படித்தான் குழந்தைக்கு மூளை சீர்படுகிறது. இந்தக் கவாத்து சரியாக நடக்காத எலிக்குட்டிக்கு மூளையின் இணைப்புகள் ஒழுங்காக அமைவதில்லை என்றும் கண்டிருக்கிறார்கள்.

"வெட்டாம விட்டா இலைதான் மாமா, குலை வராது." நீ சொல்கிற வார்த்தை என் வாயிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது. "அதேதான் சார்" என்றாள் செலின் மேடையிலிருந்து.

உன் கவாத்து நாட்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன. வெட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். நீ முதல் கல்தூணுக்குப் பக்கத்தில், தாளில் சர்க்கரையை வைத்துக்கொண்டு, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு பாத்திஹா ஓதுவாய். பிறகு ஒவ்வொருத்தர் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை. எனக்கும் உண்டு. "வாயில போடு மாமா, பெறகு வெட்டுவோம்." அது முடியாமல் உன் தோட்டத்தில் ஒரு கணுவிலும் கத்தரி பட்டதில்லை. வெட்டிய கொடியைக் கட்டுக் கட்டாக வாழை நாரில் கட்டி வரப்பில் அடுக்குவாய். மறுநாள் வந்தால் வெட்டு வாயிலெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். அப்போதுதான் செலின் பாடத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

மறதி நோயில் மூளைக்குள் ஒரு வகைப் புரதம் கட்டி கட்டியாகச் சேர்கிறது. மைக்ரோகிளியா அதைச் சுற்றி நின்று அப்புறப்படுத்தப் பார்க்கிறது. முதலில் நல்லதுதான் செய்கிறது. குப்பை தீராமல் சேரச் சேர, அது எந்நேரமும் பதற்றத்திலேயே இருக்கப் பழகிவிடுகிறது. உன் தோட்டத்து நாயை நினைத்துக்கொண்டேன். காட்டுப் பன்றி வந்துகொண்டிருந்த மாதங்களில் அது இரவெல்லாம் குரைத்துக் குரைத்து, கடைசியில் தினமும் பிஸ்கட் போடுகிற என் கெண்டைக்காலைக் கடித்ததே. நாய் கெட்ட நாய் இல்லை. காவல் காத்துக் காத்து ஆளை அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

"அப்ப இன்னொண்ணும் நடக்குது" என்றாள். "சின்ன வயசுல செஞ்ச அந்தக் கவாத்தை, செய்யக் கூடாத காலத்துல மறுபடி ஆரம்பிச்சிருது. நல்ல இணைப்பையும் வெட்டுது. வேலை அதே வேலைதான். பருவம்தான் தப்பு."

எனக்கு அந்த மண்டபமே காதில் விழவில்லை, மாப்ள. உன் தோட்டம்தான் தெரிந்தது. அந்த இருபத்திரண்டாம் நாள்.

உனக்கு அது நினைவில் இருந்திருக்காது. நான் சொல்கிறேன். கவாத்து முடிந்து இருபத்திரண்டு நாள். பந்தல் முழுக்கப் புதுத் தளிர், தளிருக்குத் தளிர் கடுகைக் கோத்தது போலப் பூக்குலை. உன் மகன் சாகுல் மருந்து வாங்கத் தேனிக்குப் போயிருந்தான். மதியம் அவன் திரும்பி வந்தபோது இரண்டு வரிசை மொட்டையாக நின்றது. நீ மூன்றாவது வரிசையில், தலைக்கு மேல் கையைத் தூக்கி, கத்தரியோடு நின்றாய். உன் காலடியில் அந்தப் பூக்குலைகள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் உங்களுக்குள் சண்டை. பன்னீர்த் திராட்சையை எடுத்துவிட்டு விதையில்லாத ரகம் ஒட்டுக்கட்ட வேண்டும் என்றான் அவன். நீ டீக்கடையில் பத்துப் பேர் நடுவே, "என் கை இருக்கிற வரைக்கும் என் கொடியில வேற எவன் கையும் படாது" என்று சொல்லிவிட்டு வந்தாய். அதனால் வெட்டிய பந்தலைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "அத்தா வேணும்னேதான் செஞ்சாக" என்று சாகுல் கத்தினான். "கவாத்து நாளு, வெட்டுனேன். இதுல என்னடா?" என்று நீ கேட்டாய். அதை அவன் கிண்டல் என்று எடுத்துக்கொண்டான். என்னைக் கூட்டி வரச் சொல்லி ஆள் வந்தது.

நான் வந்து செய்ததைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைந்தால் எனக்கு ஒரு முறை உண்டு. சந்தேகப்படுகிற பையனைத் தனியாக அழைத்து, தோளில் கை போட்டு, "செஞ்சிருந்தா சொல்லிரு, அடிக்க மாட்டேன்" என்பேன். அவன் ஒத்துக்கொள்வான். விவகாரம் முடிந்தது. அப்படி ஒத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் உண்மையாகவே உடைத்தார்கள் என்று நான் யோசித்ததே கிடையாது. உன்னையும் அப்படித்தான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் அழைத்துப் போனேன். "மாப்ள, கோவத்துல செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. புள்ளதானே, ஆறிப்போயிருவான்."

நீ பந்தலைப் பார்த்தாய். கையில் இருந்த கத்தரியைப் பார்த்தாய். பிறகு என் முகத்தை வெகு நேரம் பார்த்தாய்.

"நான் கோவத்துலயா மாமா செஞ்சேன்?"

என்னிடம் கேட்டாய். நான் தலையை ஆட்டினேன். "ஆமா" என்றும் சொன்னேன்.

"அப்பச் சரி" என்று நடந்து போய் மகன் முன்னால் நின்று, "கோவத்துல செஞ்சுட்டேன்டா" என்றாய்.

அவன் ஆறவில்லை. அடுத்த பெருநாளுக்கு நான் வந்தபோது, வருடா வருடம் ஒரே தட்டில் பிரியாணி சாப்பிடுகிற நீங்கள் இருவரும் வேறு வேறு தட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு நீ வீட்டுக்கு வழி தப்பினாய். மதுரையில் டாக்டர் மறதி நோய் என்று பெயர் சொன்னார். அதற்குப் பிறகு சாகுல் உன்னை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டான், குளிப்பாட்டினான், ஊட்டினான். ஆனால் அந்த மதியத்தை மட்டும் அவன் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டான். நானே இரண்டு முறை பேச்சை எடுத்தேன். "நோய் பெறகு வந்தது சார். அன்னிக்கு நல்லாத்தான் இருந்தாக. அவுகளே ஒத்துக்கிட்டாகல்ல" என்பான். உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகிற வழியிலும் அதையே சொன்னான்.  நானும் அதைத்தான் நம்பினேன்.

செலின் பேசி முடித்ததும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். "ஏம்மா, டாக்டர் நோய்னு பேர் வைக்கிறதுக்கு முந்தியே, உள்ளுக்குள்ள இது ஆரம்பிச்சிருக்குமா?"

"பல வருசத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும் சார். வெளிய தெரியறது பெறகுதான்."

கூட்டம் கலைந்த பிறகு மாமரத்தடியில் அவளை நிறுத்தி உன் கதையைச் சொன்னேன். பேர் சொல்லாமல்தான் ஆரம்பித்தேன். "அந்தத் திராட்சைத் தோட்டத்துத் தாத்தாதானே சார்?" என்று கேட்டுவிட்டாள்.  "ஒருத்தர் ஒரு நாளு செஞ்ச ஒரு காரியத்தைக் காட்டி, இதனாலதான் செஞ்சார்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது சார். நாங்க அவுக மூளையைப் பாக்கல. ஆனா மறதி பெறகுதான் வந்துச்சு, அன்னிக்கு இருந்திருக்காதுன்னு சொல்றதும் தப்பு" என்றாள். பார்த்தாயா, எவ்வளவு கவனமாகப் பேசுகிறாள்? என் மாணவிதான். ஒட்டுப்பசை மட்டும் என் கணக்கு, மிச்சமெல்லாம் அவள் சொந்தம்.

அவளிடம் இன்னொன்றும் கேட்டேன். இந்தச் செல்லை எல்லாம் அழித்துவிட்டால் என்ன என்று. "ஐயோ சார், கவாத்து ஆள் தப்பா வெட்டுனா ஆளை வெரட்டிட்டுத் தோட்டத்தை எப்பிடி நடத்துறது? எப்ப வெட்டணும், எப்ப நிறுத்தணும்னு அதுக்கு மறுபடி சொல்லிக் குடுக்க முடியுமான்னுதான் பாக்குறோம்" என்றாள். இன்னும் வழி முழுதாகத் தெரியவில்லையாம். தேடிக்கொண்டிருக்கிறார்களாம். எனக்கு அதைக் கேட்டதுமே ஏதோ பாதிப் பரீட்சை பாஸான மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலையில் உன் வீட்டுக்குப் போனேன். சாகுல் பல்லை விளக்கிக்கொண்டிருந்தான். உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் செலின் மாதிரி நிதானமாகச் சொல்லத்தான் போனேன். சொல்ல வந்தது எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது: காவல் செல், கருவில் வந்து குடியேறுவது, சுண்ணாம்பு அடையாளம், நாய், எல்லாம்.

"மண்டைக்குள்ள ஏதோ பூச்சி இருந்துச்சுங்கிறீகளா சார்?"

"பூச்சி இல்லப்பா. நம்ம ஆளு. உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. அது இல்லாட்டி நீயும் நானும் இங்கன நின்னு பேச முடியாது."

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "சரி சார். நோய்னே வச்சுக்கிருவோம். அப்ப அத்தா ஏன் ஒத்துக்கிட்டாக?"

அதுதான் கேள்வி. அதற்குத்தான் நான் போயிருந்தேன். 

"நான் கேட்டேன், ஒத்துக்கிட்டான்" என்றேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் நடந்ததைச் சொன்னேன். கோவத்திலா செஞ்சேன் என்று நீ என்னிடம் கேட்டதையும், நான் தலையாட்டியதையும். "அவனுக்குத் தெரியல சாகுல். ஏன் எல்லாரும் கத்துறாங்கன்னே தெரியல. நான் சொன்னா சரியா இருக்கும்னு எடுத்துக்கிட்டான்."

சாகுல் கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றான். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது. தங்கச்சி வாசலுக்கு வந்தாள்.

"அன்னிக்குக் காலைல என்கிட்டச் சக்கரை வாங்கிட்டுப் போனாக அண்ணே."

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"தாளுல மடிச்சுக் குடுத்தேன். கவாத்துக்கு எப்பவும் குடுக்கிற மாதிரி. இப்பத்தானே வெட்டி முடிச்சீகன்னு கேட்டேன், சிரிச்சாக. கோவமாப் போறவுக சக்கரை கேப்பாகளா?"

"இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்றான் சாகுல்.

"சொன்னேன்டா. அன்னிக்குச் சாயந்தரமே சொன்னேன். யாரு காதுல வாங்குனீக? அவுகளே ஒத்துக்கிட்டாகன்னு வாத்தியார் அண்ணன் முடிச்சு வச்சிட்டாக. நீயும் முடிச்சுக்கிட்ட. பெறகு நான் எங்கன போய்ச் சொல்ல?"

எனக்கு நல்ல அடி. முப்பத்து மூன்று வருடப் பழக்கத்துக்கு ஒரே அடி.

சாகுல் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான். என்னிடம் இல்லை, தரையைப் பார்த்துச் சொன்னான். "கட்டுக் கட்டி வச்சிருந்தாக சார். மொத ரெண்டு வரிசைல வெட்டுன தளிரையெல்லாம் வாழை நாருல கட்டி வரப்புல அடுக்கியிருந்தாக. ஒவ்வொரு வெட்டும் கணுவுக்கு மேல, சாய்வா, அளவா இருந்துச்சு. கோவத்துல வெட்டுனவன் கட்டுக் கட்டுவானான்னு எனக்கு அன்னிக்கே ஒரு நிமிசம் தோணுச்சு. பெறகு ஒத்துக்கிட்டாகளா, விட்டுட்டேன்." முகத்தைத் துண்டால் துடைத்தான். "கல்தூணுக்குக் கீழ ஒரு தாளு கெடந்துச்சு. எறும்பு மொச்சுக்கிட்டு. எடுத்துத் தூரப் போட்டேன்."

வராத ஆட்களுக்கும் பங்கு வைத்திருக்கிறாய், மாப்ள. தனியாக நின்று ஓதி, தனியாக வெட்டி, தனியாகக் கட்டி அடுக்கியிருக்கிறாய். உனக்கு அது ஒரு நல்ல கவாத்து நாள்.

கிளம்பும்போது சாகுல் பைக்கில் கொண்டுவந்து விட்டான்.  என் தெருமுனையில் இறக்கிவிட்டு, "வியாழக்கெழமை தெக்குப் பாதிக்குக் கவாத்து சார். வெள்ளன வாங்க" என்றான்.

இன்றுதான் வியாழக்கிழமை. பன்னீர்த் திராட்சை அப்படியேதான் இருக்கிறது. ஒட்டுக்கட்டுகிற பேச்சை நீ போன பிறகு அவனே விட்டுவிட்டான், ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்த மதியத்துக்குப் பிறகு அவன் சர்க்கரை வைப்பதையும் விட்டிருந்தான். அதனால் இன்று அவன் முதல் கல்தூணுக்குப் பக்கத்தில் நின்று தலையில் கைக்குட்டையைப் போட்டதும் வெட்டு ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.  பாத்திஹா ஓதி முடித்தான். எல்லார் கையிலும் ஒரு சிட்டிகை. என் கையிலும்.

பிறகு இடுப்பிலிருந்து உன் கத்தரியை எடுத்து நீட்டினான். "மொத வெட்டு நீங்க வெட்டுங்க சார்."

"சாக்பீஸ் பிடிச்ச கைன்னு உங்க அத்தா சொல்வானேப்பா."

"கணுவை நான் காட்டுறேன். கையை மட்டும் அமுக்குங்க."

அமுக்கினேன். சாகுல் காட்டிய கணுவுக்கு ஒரு கணு தள்ளித்தான் விழுந்தது வெட்டு. "அத்தா சொன்னது சரிதான்" என்றான் அவன். சிரித்தான். அவன் அத்தா என்று சொல்லிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது தெரியுமா? அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்டு வாயில் தண்ணீர் திரண்டு, என் வழுக்கைத் தலையில் சரியாக நடுவில் ஒரு சொட்டு விழுந்தது.

அப்புறம் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. டீ வந்த நேரத்தில் வெட்டு ஆட்களை உட்கார வைத்து முழுப் பாடத்தையும் நடத்திவிட்டேன். வெட்டிய குச்சியால் மண்ணில் அந்தச் செல்லையும் வரைந்தேன், கிளை கிளையான கையோடு. ஓர் அம்மா டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப மண்டைக்குள்ளயும் ஆளுக வேலை பாக்குதாக்கும்? கூலி யாரு சார் குடுக்குறா?"

"கூலி கேக்காத ஆளுக ஆத்தா."

"அதான் சமயத்துல தப்பா வெட்டிப்புடுது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இதை நான் செலினுக்கு எழுத வேண்டும். ஆராய்ச்சிக்கு உதவும்.

வகுப்பறை இன்னும் எனக்கு இருந்தால் நாளைக் காலை முதல் பாடமே இதுதான். ஒட்டுப்பசை என்று எழுதிப் போட்டு, அதைப் பையன்கள் முன்னாலேயே அழிப்பேன். பசை என்று நாம் ஒதுக்கிவிட்ட ஒன்றுதான் உள்ளே உட்கார்ந்து இணைப்பைச் சீர்செய்து, குப்பை அள்ளி, காவல் காத்துக்கொண்டிருக்கிறது. வழி தவறினால் அதே கையால் நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டியும் விடுகிறது என்று சொல்வேன். அப்புறம் கண்ணாடி உடைந்தால், தோளில் கை போடுவதற்கு முன்னால், என்ன நடந்தது என்று முதலில் கேட்பேன். வகுப்பறைதான் இல்லை. தெருவில் பேரப்பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், எப்படியும் ஒரு கண்ணாடி உடையும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தோட்டத்திலிருந்து கிளம்பும்போது சாகுல் பின்னாலேயே வந்து, மடித்த தாள் ஒன்றை என் சட்டைப் பையில் வைத்தான். "அத்தா பங்கு சார். உங்ககிட்ட இருக்கட்டும்."

எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் ஏதோ ஊர்கிறது. பார்த்தால் எறும்பு. வீட்டுக்காரி சர்க்கரையை டப்பாவில் கொட்டி வைக்கச் சொல்கிறாள். எறும்பைத் தட்டிவிட்டு, தாளை இன்னும் ஒரு மடி மடித்து, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

உன் மாமா